ஐந்து லிட்டருக்குப் பிறகு: வெட்டுப்பட்ட கையில் 12 நொடி ரத்த ஊற்று

கை துண்டாகி விழுகிறது. வெட்டுப்பட்டவளுக்கே அது உறைக்க ஒரு கணம் பிடிக்கிறது. அதற்குள் வெட்டுவாயிலிருந்து ரத்தம் ஆள் உயரத்தைத் தாண்டிப் பீய்ச்சுகிறது, எதிரே நிற்பவன் முகத்தை நனைக்கிறது, சுவரை நனைக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் அதே வெட்டுவாயில் ஒரு சுழல் துப்பாக்கி (பல குழல்கள் சேர்ந்து சுழலும் கேட்லிங் வகை) பொருத்தப்பட்டிருக்கிறது. ஜப்பானின் சின்ன பட்ஜெட் ரத்தத் தெறிப்புப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். இந்தப் பதிவு அந்த இரண்டு பொருள்களைச் செய்வது பற்றியது: ரத்த ஊற்றும், அதன் பிறகு வரும் துப்பாக்கிக் கையும்.

இந்த ஊற்றுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1962-இல் இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘சஞ்சூரோ’ படத்தின் கடைசி வாள்சண்டையில், ஒரே வெட்டில் எதிராளியின் மார்பிலிருந்து ரத்தம் குழாய் உடைந்தது போலச் சீறியது. அங்கே அது அதிர்ச்சி. 2008-இல் யோஷிஹிரோ நிஷிமுரா ‘டோக்கியோ கோர் போலீஸ்’ எடுத்தபோதும், அதே ஆண்டு நொபொரு இகுச்சியின் ‘தி மெஷின் கேர்ள்’ படத்துக்கு அவரே சிறப்பு ஒப்பனை விளைவுகளைச் செய்தபோதும், அதே சீறல் சிரிப்பாக மாறியிருந்தது. இரண்டுக்கும் நடுவே மாறியது முக்கியமாக நேரமும் அளவும்தான். ஆகவே ஊற்றைச் செய்ய உட்காரும்போது முதலில் போட வேண்டியது ஒரு கணக்கு.

வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. 10 மி.மீ. உள்விட்டமுள்ள வாயிலிருந்து திரவம் 2 மீட்டர் உயரம் எழும்ப வேண்டுமென்றால், அது நொடிக்கு 6.3 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். அந்த வேகத்தில் நொடிக்கு அரை லிட்டர் போகும். பத்தாவது நொடியில் ஓர் ஆளின் ரத்தம் முழுக்கத் தீர்ந்துவிடும். பார்ப்பவர் யாரும் மனசுக்குள் லிட்டர் கணக்குப் போடுவதில்லை. ஆனால் ‘இவ்வளவு ரத்தம் இருக்க முடியாதே’ என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அது தெரிந்த பிறகும் ஊற்று நிற்காமல் அடிப்பதுதான் இந்த வகைப் படத்தின் சிரிப்பு. நான்கு நொடியில் நின்றுபோனால் அது வெறும் காயம். 12 நொடி வேண்டும், அதற்கு 6 லிட்டர் வேண்டும். கீழே வருகிற குழாய் அளவு, தொட்டி, அழுத்தம் எல்லாமே இந்த 12 நொடியிலிருந்து பிறந்தவை.

தொட்டியும் குழாயும்

தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்ப் ஸ்ப்ரேயர் போதும். 8 லிட்டர் கொள்ளளவுள்ளது இரண்டு. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அழுத்தம் மீறினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும். தொட்டிக்குள் அடிவரை இறங்கும் உறிஞ்சுகுழாயும் வெளிவாயும் மரை போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்ற முடியாத மாடலை வாங்கிவிட்டுத் தொட்டியில் துளை போட்டுப் புதுக் குழாய் சொருகுவது ஆபத்து. காற்றழுத்தம் ஏறியதும் துளையைச் சுற்றி விரிசல் ஓடும். பிவிசி பைப்பை மூடி போட்டுக் காற்றுத்தொட்டியாக்கும் யோசனையும் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள். பிவிசி அழுத்தத்தில் கிழிவதில்லை, கூரான சில்லுகளாக வெடிக்கிறது.

முதல் சோதனை ஸ்ப்ரேயரை வாங்கியபடியே வைத்து, கைப்பிடிக் குழலை மட்டும் கழற்றிவிட்டுச் செய்யப்பட்டது. தொட்டியில் 2 பார் அழுத்தம் இருந்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் ரத்தம் எழவில்லை. குறை அழுத்தத்தில் இல்லை, வழியில் இருந்தது. ஸ்ப்ரேயரோடு வரும் உறிஞ்சுகுழாய் சுமார் 6 மி.மீ.தான், தெளிப்பதற்கு அது தாராளம், ஊற்றுக்கு அது ஊசித்துளை. அதை எடுத்துவிட்டு 12 மி.மீ. குழாய் போட்டதும் இடுப்பு உயரம் வந்தது.

மீதி உயரத்தைத் தின்றது ஹோஸ். மூன்று மீட்டர் நீளமும் 10 மி.மீ. உள்விட்டத்தில் ஓடினால், உராய்விலேயே ஒரு பாருக்கு மேல் போய்விடுகிறது. அதே மூன்று மீட்டரை 16 மி.மீ. ஹோஸாக மாற்றினால் இழப்பு 0.15 பாரைச் சுற்றி நிற்கும். விட்டம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, இழப்பு ஏழெட்டு மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே விதி இதுதான்: தொட்டியிலிருந்து நடிகரின் முழங்கை வரை தடித்த ஹோஸ், கடைசி 10 சென்டிமீட்டர் மட்டும் 10 மி.மீ. செம்புக்குழாய். குறுகல் வாயில்தான் இருக்க வேண்டும், வழியில் எங்கேயும் இருக்கக் கூடாது. ஹார்டுவேர் கடையில் தரும் முள் போட்ட இணைப்பான்களின் உள்துளையையும் குச்சி விட்டுப் பாருங்கள். 16 என்று எழுதியிருக்கும், உள்ளே 9-தான் இருக்கும்.

இரண்டு தொட்டியும் ஒரு டி-இணைப்பில் சேர்ந்து, அங்கிருந்து அரை அங்குல பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வால்வு). கால் திருப்பில் முழுக்கத் திறக்கும் வகையே வேண்டும். பல சுற்றுத் திருகும் கேட் வால்வில் துடிப்பைக் கொண்டுவர முடியாது. டி-யின் மேல் 0–4 பார் அளவுமானி ஒன்று. மரை ஒவ்வொன்றிலும் டெஃப்லான் டேப் ஐந்தாறு சுற்று, ஹோஸ் முனை ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டீல் கிளாம்ப். ஒற்றைக் கிளாம்ப் போட்ட மூட்டு நாலைந்து தடவை தாங்கும், அடுத்த தடவை படப்பிடிப்பு நடக்கும்போது கழன்றுகொள்ளும்.

8 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் ரத்தம் மட்டுமே ஊற்ற வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மீதி 5 லிட்டர் காற்றுதான் தள்ளுகிற ஸ்பிரிங். 2 பாருக்கு ஏற்றித் திறந்தால், 3 லிட்டரும் வெளியேறிய பிறகும் 0.9 பார் மிஞ்சும். பேராசைப்பட்டு 4 லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 0.5 பார்தான்; ஊற்று கடைசி நொடிகளில் தொங்கிப்போகும். இந்தக் காட்சிக்குத் தொங்கல் கூடவே கூடாது. கடைசி நொடி முதல் நொடியைவிட உயரமாக இருந்தால்தான் அழகு.

அதற்கு வால்வுக்காரரின் கை வேண்டும். வாயருகே 0.2 பார் இருந்தாலே 2 மீட்டர் எழும்பிவிடும் என்பதால், ஆரம்பத்தில் வால்வை மூன்றில் ஒரு பங்கு திறந்தால் போதும். தொட்டியில் அழுத்தம் இறங்க இறங்க வால்வை மெல்ல விரித்துக்கொண்டே போனால் உயரம் மாறாமல் நிற்கும். 11-ஆவது நொடியில் முழுக்கத் திறந்துவிட வேண்டும். மிஞ்சிய அழுத்தம் முழுக்க ஒரே மூச்சில் வரும், ஊற்று கூரையைத் தொடும். தண்ணீரை வைத்தே இதை இருபது முப்பது தடவை பழகிவிடலாம். சாயம் கலந்தபின் பழகினால் துடைத்தே நாள் போய்விடும்.

இரண்டு தொட்டி சேர்த்ததில் ஒரு சிக்கல் வந்தது. ஒன்றை முழுக்க ஏற்றிவிட்டு மற்றதை ஏற்றப் போனபோது, அழுத்தம் கூடிய தொட்டி தன் ரத்தத்தை டி வழியாக மற்றதற்குள் தள்ளிவிட்டது. ஒன்றில் ஒன்றரை லிட்டர், இன்னொன்றில் நாலரை. குறைந்த தொட்டி ஆறாவது நொடியிலேயே காலியாகி, அதன் காற்று கோட்டில் புகுந்து, ஊற்று இருமத் தொடங்கியது. தீர்வு சின்னது: இரண்டையும் ஒரே தரைமட்டத்தில் வைத்து, பத்துப் பம்ப் இதில், பத்துப் பம்ப் அதில் என்று மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும்.

இன்னொரு இருமல் ஹோஸிலிருந்து வருவது. 16 மி.மீ. ஹோஸ் மூன்று மீட்டர் நீளத்தில் 600 மி.லி. பிடிக்கும். அது வெறும் காற்றாக இருந்தால், வால்வைத் திறந்து ஒரு நொடிக்கு மேல் ஆன பிறகே ரத்தம் வரும், அதுவும் முதலில் ‘புர்ர்’ என்று துப்பிக்கொண்டு வரும். கை வெட்டுப்பட்ட கணமும் ரத்தம் வரும் கணமும் ஒட்டாது. வாளி ஒன்றில் வாயைப் பிடித்து, ஹோஸ் நிறையும் வரை திறந்து மூடிவிட்டு, செம்புக்குழாயின் முனையில் சுண்டைக்காய் அளவு வேஸ்லின் அடைத்துவிடுங்கள். நடிகர் கையை எப்படி ஆட்டினாலும் சொட்டாது. திறந்ததும் வேஸ்லின் முதலில் தெறித்துப் போய்விடும், கேமராவுக்குத் தெரியாது.

ரத்தம்

இந்தப் படங்களின் ரத்தம் பெயின்ட் போலப் பளீரென்று சிவந்திருக்கும். உண்மை ரத்தத்தின் கருமையைத் தேடினால் இந்த உலகத்துக்குப் பொருந்தாது. ஆனால் வெறும் ஃபுட் கலரைத் தண்ணீரில் கரைத்தாலும் ஆகாது. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது, விளக்கொளி ஊடுருவியதும் திரையில் சர்பத் ஆகிவிடும். நிறம் வேறு, மறைப்பு வேறு. இரண்டும் வேண்டும்.

கடைசியாகத் தேறிய கலவை, 10 லிட்டர் தண்ணீருக்கு: சிவப்பு போஸ்டர் கலர் 400 மி.லி., சிவப்பு ஃபுட் கலர் பொடி 15 கிராம், நீல ஃபுட் கலர் திரவம் 20 சொட்டு, ஸாந்தன் கம் (கெட்டிப்படுத்தும் பொடி) 12 கிராம், கிளிசரின் 60 மி.லி. மூன்று டேக்குக்கும் ஹோஸ் நிரப்பவும் சேர்த்து 22 லிட்டர் கலக்க வேண்டியிருக்கும்.

ஸாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் கொட்டினால் மீன்முட்டை மீன்முட்டையாகக் கட்டிபிடித்துவிடும். வெளித்தோல் ஊறிக்கொண்டு உள்ளே பொடி உலர்ந்தே இருக்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. அந்தக் கட்டி ஒன்று வால்வில் சிக்கினால் ஒரு டேக் போச்சு. முதலில் பொடியைக் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். கிளிசரினில் அது ஊறாது, ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அந்தக் குழம்பை மிக்ஸி அல்லது டிரில் மிஷினில் மாட்டிய கலக்கியால் சுழலும் தண்ணீரில் மெல்ல ஊற்றினால் பத்து நிமிடத்தில் வழவழவென்று ஆகிவிடும். பிறகு பழைய நைலான் ஸ்டாக்கிங்கில் வடிகட்டல், இரண்டு தடவை.

கெட்டிப்படுத்த ஏன் சர்க்கரைப் பாகு வேண்டாம் என்றால், பாகு எந்த வேகத்திலும் கெட்டிதான். ஹோஸுக்குள்ளும் கெட்டி, வாயிலும் கெட்டி, உயரமே எழாது. ஸாந்தன் கம்மின் குணம் வேறு. வேகமாக ஓடும்போது இளகும், நின்றதும் இறுகும். வாயில் தண்ணீர் மாதிரி பாய்ந்து, சுவரில் பட்டதும் கனமாக வழியும். ஊற்றுக்கும் வழிசலுக்கும் ஒரே ரத்தம் போதுமானதாவது இதனால்தான். போஸ்டர் கலரின் நிறத்துகள் அடியில் தங்காமல் தாங்கிப் பிடிப்பதும் அதுவே. லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டினால் மட்டும் ரத்தம் ஜெல்லி போலத் துண்டு துண்டாக விழத் தொடங்கும்.

எளிதாகக் கழுவலாமே என்று துணி துவைக்கும் திரவத்தைச் சேர்த்தும் பார்த்தாயிற்று. வேண்டாம். காற்றழுத்தத் தொட்டியில் குலுங்கி, வாயில் காற்றோடு மோதி, சுவர் முழுக்க ரோஸ் நிற நுரை. கண்ணில் பட்டாலும் எரியும். அதற்குப் பதில், நடிகரின் தோலில் முன்கூட்டியே வேஸ்லின் மெலிதாகத் தடவிவிட்டால் சாயம் பிடிக்காது. மீறிப் பிடித்தது ஷேவிங் ஃபோம் தேய்த்தால் வந்துவிடும்.

போஸ்டர் கலர் கலந்த இந்த ரத்தம் வாய்க்குள் போகக் கூடாது. நடிகர் வாயிலிருந்து கக்க வேண்டிய ரத்தத்தைத் தனிக் குப்பியில், சர்க்கரைப் பாகும் ஃபுட் கலரும் கொக்கோ பொடியும் மட்டும் வைத்துச் செய்யுங்கள். இரண்டு குப்பியும் ஒரே நிறமாகத்தான் இருக்கும், ஆகவே மூடியில் பெரிதாக ‘வாய்’ என்று எழுதி வையுங்கள். பூசுகிற ரத்தத்தை அன்றன்று கலப்பது நல்லது. இரண்டாம் நாளே புளித்த வாடை வரும். ஊற்றுக்கான ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் 38 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த ரத்தத்தில் நனைந்த சட்டையோடு மூன்று டேக் நிற்பவருக்கு நடுக்கம் வந்துவிடும், அந்த நடுக்கம் முகத்தில் தெரியும்.

வெட்டுவாய்

முழங்கைக்குச் சற்றுக் கீழே வெட்டு என்று வைத்துக்கொள்வதே எல்லாவற்றிலும் சுலபம். நடிகர் முழங்கையை முழுக்க மடித்து, உள்ளங்கை தோளைத் தொடும்படி வைத்து, அகலமான துணிப்பட்டையால் மேற்கையோடு கட்டிக்கொள்கிறார். அதன் மேல் தொளதொளப்பான சட்டைக்கை. மடிந்த முழங்கையின் முனையில் போலி வெட்டுவாய். மணிக்கட்டில் வெட்டு என்று வைத்தால் முஷ்டியை மறைக்க வேண்டியிருக்கும். கை 8 சென்டிமீட்டர் நீண்டு, வெட்டுப்பட்ட கை வெட்டுப்படாத கையைவிட நீளமாகிவிடும். கட்டை 15 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்; விரல் மரத்துப்போனதாக அவர் சொன்னால் உடனே அவிழ்க்க வேண்டும்.

வெட்டுவாயை சிலிக்கானில் வார்த்தால் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒரு தலைமறைவான எதிரி உண்டு. பிளாட்டினம் வகை சிலிக்கானைக் கலக்கும்போது லேடெக்ஸ் கையுறை போட்டால், அல்லது கந்தகம் கலந்த களிமண்ணில் அச்சு எடுத்தால், தொட்ட இடமெல்லாம் உறையாமல் பிசினாகவே நின்றுவிடும். நாள் கணக்கில் காத்தாலும் உறையாது. நைட்ரைல் அல்லது வினைல் கையுறை, கந்தகமில்லாத களிமண். இது தெரியாமல் முழு வார்ப்பும் குப்பைக்குப் போகும், காரணமும் பிடிபடாது.

பட்ஜெட் இல்லையென்றால் திரவ லேடெக்ஸும் டாய்லெட் பேப்பரும் போதும். மெத்தை ஸ்பாஞ்சில் வட்டமாக ஓர் அடிக்கட்டை வெட்டி, நடுவே செம்புக்குழாய் போகத் துளை, அதற்குப் பக்கத்தில் எலும்புக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அதன் மேல் லேடெக்ஸில் முக்கிய பேப்பரைச் சுருக்கிச் சுருக்கி ஒட்டிக்கொண்டே வந்தால் கிழிந்த சதையின் நார் தானாக வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் காய வேண்டும். அவசரத்தில் ஈரத்தின் மேல் ஈரம் போட்டால் உள்ளே வேகாத தோசை மாதிரி வெள்ளையாகவே இருந்து, முதல் ஊற்றிலேயே உரிந்து வரும். நடிகரின் உண்மையான கையை அச்செடுக்க வேண்டுமென்றால் ஆல்ஜினேட் (பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பொடி) மட்டுமே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குள் கையை நேராக விடக் கூடாது. உறையும்போது அது தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும், கெட்டியானபின் கையை உருவவும் முடியாது.

ஹோஸ் மடிந்த கைக்கும் விலாவுக்கும் நடுவே இறங்கி, முதுகுப்புறமாகக் காலுக்கு வந்து வெளியேறுகிறது. அழுத்தம் ஏறியதும் ஹோஸ் நிமிரப் பார்க்கும். கட்டாமல் விட்டால் சட்டைக்குள் பாம்பு புரள்வது போலத் தெரியும். முழங்கையில் ஒரு கட்டு, இடுப்பு பெல்ட்டில் ஒரு கட்டு கட்டாயம். 2 மீட்டர் ஊற்றின் எதிர்விசை ஏறத்தாழ முந்நூறு கிராம் எடை அளவுதான், நடிகரின் கையை அது அசைக்காது. கை அதிர்ந்து பின்னால் போவதை அவரேதான் நடிக்க வேண்டும்.

ஓட்டம்

சுவர் உண்மைச் சுவராக இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் ஃபுட் கலர் இறங்கினால் மூன்று பூச்சு அடித்தாலும் மேலே எழும்பும். தாதாமி பாய் விரித்த ஜப்பானிய அறையாகக் காட்ட வேண்டுமானால், பாய்க்கு அச்சடித்த வினைல் விரிப்பு, சுவருக்கு எனாமல் பூசிய பிளைவுட் பலகை. பலகையை ஈரத்துணியால் துடைத்தால் அடுத்த டேக்குக்குத் தயார். கட்டடத்தின் தரைக்கும் இந்த விரிப்புக்கும் நடுவே தார்ப்பாய், ஓரங்கள் ஒரு சாண் மடித்துத் தூக்கி ஒட்டியபடி. ஸாந்தன் ரத்தம் வழுக்கும்; நடிகரின் செருப்படியில் கரடான டேப், பக்கத்தில் நிற்பவர் கையில் துண்டு. விளக்கு, பேட்டரி, வயர் எல்லாம் ஊற்று எட்டாத தூரத்தில், மின்கசிவைக் கண்டு அறுக்கும் பிரேக்கர் வழியாக மட்டும்.

கேமராவுக்கு முன் சமதளக் கண்ணாடி ஃபில்டர். சிவப்பைத்தான் டிஜிட்டல் கேமரா மிக எளிதில் தவறவிடுகிறது. மொத்த வெளிச்சம் சரியாகவே காட்டும், சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து, ரத்தம் வழவழப்பில்லாத ஒட்டுக் காகிதம் போலத் தட்டையாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டாத வரை இறக்குங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (அரைப் படி) குறைத்தால் போதும். ஷட்டர் வேகம் 1/48 நொடியில் ஊற்று ஒரே பட்டுக்கயிறாகத் தெரியும். 1/200-க்குப் போனால் துளித்துளியாகப் பிரிந்து கல்மழை போலத் தெறிக்கும். இந்த வகைப் படத்துக்கு இரண்டாவதே பொருத்தம். முகத்தில் அடி வாங்குபவர் ஒரு மீட்டருக்கு அப்பால், கண்ணை மூடி, ஊற்றின் வளைவு இறங்கும் இடத்தில் நிற்க வேண்டும். நேர்க்கோட்டில் நிறுத்தாதீர்கள்.

வால்வு ஓட்டம் இப்படி அமைந்தது: வெட்டு விழுந்ததும் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு மூன்று துடிப்பு, ஒவ்வொன்றும் அரை நொடி, ஒன்றைவிட ஒன்று உயரம். நான்காவது துடிப்பு மூடவே இல்லை. அந்த ஒரு நொடி வெறுமையை விட்டுவிடாதீர்கள். அதில்தான் நடிகர் தன் கையைப் பார்க்கிறார். ஆறேழு நொடிக்குப் பிறகு அவர் அலறலை நிறுத்திவிட்டு, ஊற்றை எதிரிமேல் குறி பார்க்கத் தொடங்கினால் காட்சி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஊற்றின் சத்தத்தை அங்கேயே நம்பாதீர்கள். பாதி அழுத்தத்தில் ஸ்ப்ரேயரின் பழைய குழலைத் தகரத்தில் அடித்துத் தனியாகப் பதிவு செய்தால் அந்த ‘ஷ்ஷ்ஷ்ர்’ நன்றாக விழும்.

ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 45 நிமிடம் ஒதுக்குங்கள். வெள்ளைச் சட்டை மூன்று. நாலாவது டேக் இல்லை என்று முடிவு செய்துவிட்டே தொடங்குவது நல்லது.

துப்பாக்கிக் கை

காயத்திலிருந்து ஆயுதம் முளைப்பது நிஷிமுரா உலகின் மையம். அவருடைய 2008 படத்தில் ‘இன்ஜினியர்’ எனப்படும் குற்றவாளிகளுக்கு வெட்டுப்பட்ட இடத்திலெல்லாம் ஆயுதம் வளரும். 1995-இல் அவர் எடுத்த ‘அனடோமியா எக்ஸ்டிங்ஷன்’ என்ற சின்னப் படத்திலேயே அந்த யோசனையின் விதை இருக்கிறது. உடம்பில் இரும்பு முளைப்பதற்கு அதற்கும் முன்னோடி, 1989-இல் ஷின்யா ட்சுகமோட்டோ 16 மி.மீ. பிலிமில், கறுப்பு-வெள்ளையில் எடுத்த ‘டெட்சுவோ’. ஓட்டை உலோகச் சாமான்களை நடிகரின் உடம்பில் ஒட்டி, சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) நகர்த்திப் படம்பிடித்தே அவர் அதை வளர வைத்தார். அந்த முறை இன்றும் செலவில்லாதது: இரண்டு சட்டத்துக்கு ஒரு நகர்வு என்றால் 4 நொடிக்கு 48 படம். ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து நிமிடம் வைத்தால் நான்கு மணி நேரம். நடிகரின் கையை ஊன்ற, கேமராவுக்குத் தெரியாத ஒரு தாங்கி கட்டாயம்.

சுழல் துப்பாக்கிக்கு 20 மி.மீ. மின்வயர்க் குழாய் ஆறு, 35 சென்டிமீட்டர் நீளத்தில். 5 மி.மீ. ஃபோம்போர்டில் மூன்று வட்டத் தட்டு, ஒவ்வொன்றிலும் 60 டிகிரிக்கு ஒரு துளை. உறை 5 மி.மீ. ஈவா ஃபோம் ஷீட். வெட்டி, ஹீட் கன்னால் மேற்பரப்பை மூடி, கான்டாக்ட் சிமென்ட் இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் காயவிட்டு ஒட்டினால் பிரியாது. ஈரமாக ஒட்டினால் மறுநாள் வாய் பிளக்கும். கறுப்பு அடிப்பூச்சு, காய்ந்த பிரஷ்ஷில் வெள்ளி, மூலைகளில் பழுப்பு. மொத்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் பாருங்கள், அதற்கு மேல் போனால் கை தாழ்ந்துகொண்டே போகும். நடிகர் இப்போது முன்கையை உறைக்குள் விட்டு உள்ளே ஒரு பிடியைப் பற்றிக்கொள்கிறார். உறை தொடங்கும் இடம் முந்தைய காட்சியின் வெட்டுவாய் இருந்த அதே இடமாக இருக்க வேண்டும்.

சுற்ற 12 வோல்ட் கியர் மோட்டார். இங்கேதான் மிக விசித்திரமான பிழை வந்தது. 200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 200 சுற்று) மோட்டார் மாட்டியபோது கண்ணுக்கு ஜோராகச் சுழன்ற துப்பாக்கி, பதிவில் மந்தமாகப் பின்னோக்கிச் சுழன்றது. நொடிக்கு 24 சட்டத்தில், 200 ஆர்.பி.எம்.மில் ஒரு சட்டத்துக்கு 50 டிகிரி நகர்கிறது. குழல்களுக்கு இடைவெளி 60 டிகிரி. எல்லாக் குழலும் ஒரே மாதிரி. கண் அதை ‘10 டிகிரி பின்னால் வந்தது’ என்றே படிக்கிறது, அதாவது 40 ஆர்.பி.எம். எதிர்த்திசை. 240 ஆர்.பி.எம். என்றால் அசையாமலே நிற்கும். 25 சட்டத்தில் எடுத்தால் அந்த எண் 250. இதற்கு ஒரு வழி, 100 ஆர்.பி.எம். மோட்டார் போட்டு ஷட்டரை 1/48-க்கு இறக்குவது. சுழற்சி மெதுவாகத் தெரிகிறதே என்றால், 200 ஆர்.பி.எம். மோட்டாரையே வைத்துக்கொண்டு ஆறில் ஒரு குழலுக்கு மட்டும் துருக்காவி பூசிவிடுங்கள். ஒரு குழல் தனித்துத் தெரிந்தால் கண் அதையே பின்தொடரும், திசை மாறாது. சூடேறிக் கறுத்த குழல் என்று கதைக்கும் பொருந்திவிடுகிறது. குழல் வாயில் வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும் விளக்கு) போதும், வெடிமருந்து எதுவும் தேவையில்லை.

வேலை முடிந்ததும் தொட்டியின் அழுத்தத்தைப் பாதுகாப்பு வால்வைத் தூக்கி முழுக்க இறக்கிவிட்டே மூடியைத் திருகுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மூன்று தடவை ஹோஸ் வழியாக ஓட்டி, பால் வால்வைப் பாதி திறந்த நிலையில் காயவிடுங்கள். முழுக்க மூடி வைத்தால் உருண்டைக்குப் பின்னால் தங்கும் ஸாந்தன் காய்ந்து, அடுத்த தடவை கைப்பிடி நகராது.